குழந்தைகளின் தின்பண்டப் பழக்கம்

இரு வேளை உணவுக்கு இடையில் குழந்தைகள் உண்ணும் சிறு உணவு தின்பண்டம் அல்லது இடைத்தீனி எனப்படும். ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் இரைப்பை சிறியது. மூன்று வேளைச் சோற்றில் மட்டும் அதன் தேவை நிறைவதில்லை. ஆகவே தின்பண்டம் தவறன்று. எதை, எப்போது கொடுக்கிறோம் என்பதே கவனிக்க வேண்டியது. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. மாலையில் பாக்கெட் சிப்சும் தேநீரும் கொடுத்தால் பசி அடங்கும், இரும்புச்சத்து சேராது. தேநீர் அச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கவும் செய்யும்.

நல்ல தின்பண்டத்துக்கு வெளியே தேட வேண்டியதில்லை. புதுக்கோட்டை நகரைச் சேர்ந்த திருக்கோகர்ணத்தில் கோகர்ணேசுவரர் குடைவரைக் கோயில் உள்ளது. அங்குள்ள பிரகதாம்பாளை மக்கள் அரைக்காசு அம்மன் என்பர். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நவராத்திரியின்போது அரிசியுடன் வழங்கப்பட்ட அம்மன் காசில் இவ்வம்மனின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. காசு வழக்கொழிந்துவிட்டது. நவராத்திரிச் சுண்டல் மட்டும் தமிழ்நாடெங்கும் வீடுகளில் நிலைத்திருக்கிறது. ஆனால் அதை ஒன்பது நாளோடு நிறுத்திவிடுகிறோம்.

உலர்ந்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உள்ளது. இரவில் ஊறவைத்துக் குழைய வேகவைத்து, தேங்காய்த் துருவலும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம். எலுமிச்சையின் வைட்டமின் சி, பயறிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர உதவும். நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுக் கடலையோ வேர்க்கடலையோ கொடுக்கக்கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்துண்டு. மசித்தோ அடையாகத் தட்டியோ கொடுப்பது நல்லது.

அங்கன்வாடிகளில் வழங்கப்படும் சத்துமாவில் கோதுமை, கேழ்வரகு, மக்காச்சோளம், கடலை மாவு, வெல்லம் ஆகியவை சேர்கின்றன. பல வீடுகளில் இதைக் கஞ்சியாகவே காய்ச்சுகிறார்கள். குழந்தை சலித்துத் தள்ளினால் கொழுக்கட்டையாகப் பிடித்தோ தோசையாக வார்த்தோ கொடுத்துப் பார்க்கலாம்.

கடைத் தீனியைப் பற்றி அரசும் வாளாவிருக்கவில்லை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாதென 2020ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. துணிக்கு ஏற்றும் ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதிக்கப்பட்டது. இவற்றை விடவும், வீட்டில் பிஸ்கட் டப்பா எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதே அன்றாடம் முடிவு செய்யும் காரணம்.

புதிய உணவைக் குழந்தை முதல் நாளே ஏற்காது. பத்துப் பதினைந்து முறை தட்டில் கண்ட பிறகே சிலது பிடித்துப்போகும். அதட்டி ஊட்டினாலோ, 'இதைச் சாப்பிட்டால் சாக்லேட்' என்று ஆசை காட்டினாலோ சாக்லேட்டின் மதிப்பே உயரும். எதை, எந்த நேரத்தில் வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடலாம். காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் நடுவில் ஒரு வாழைப்பழம் அல்லது கொய்யாத் துண்டுகள், மாலை நான்கு மணியளவில் சுண்டல் என்று நேரம் வகுத்துக்கொண்டால், இரவுச் சோற்றுக்குள் மீண்டும் பசி எடுத்துவிடும்.