பெங்களூர்க் காற்றும் நம் முகமும்

சென்னையிலிருந்தோ கடலூரிலிருந்தோ இங்கு வந்து குடியேறும் சகோதரிகள் பலர் முதல் வருடத்திலேயே சொல்லும் குறை ஒன்று உண்டு. "ஊரில் இருந்தவரை முகம் பளிச்சென்று இருந்தது, இங்கே வந்ததும் வாடிப்போய்விட்டது" என்பார்கள். ஓசூர் ரோடு நெரிசலும் தூக்கக் குறைவும் காரணம்தான். ஆனால் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்துப் புழுக்கம் இங்கில்லை. பிப்ரவரி, மார்ச் மாதப் பிற்பகல்களில் காற்று மிகவும் உலர்ந்து, தோலிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குளுமையாக இருப்பதால் வெயில் நமக்கு உறைப்பதில்லை. உண்மையில் 1000 மீட்டர் உயரத்துக்குப் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவிகிதம் கூடுகிறது.

ஆகவே, எண்ணெய் வழியும் முகத்துக்குப் பாட்டி சொன்ன பக்குவத்தை இங்கே சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். தினமும் பயத்தமாவு தேய்ப்பது வேண்டாம். வாரம் ஒருமுறை, நன்றாகச் சலித்த மாவை வெறும் தண்ணீருக்குப் பதில் பாலாடையிலோ தயிரிலோ குழைத்து, அழுத்தாமல் பூசி, காய்ந்து இறுகும் முன்பே கழுவிவிடுங்கள். முல்தானி மட்டி எண்ணெய்ப் பசையை உறிஞ்சும் மண். வறண்ட முகத்துக்கு அது ஆகாது. மற்ற நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கொதிக்கக் கொதிக்க கீசர் தண்ணீரில் முகம் கழுவுவது இந்த ஊர்க் குளிர் பழக்கிவிட்ட கெட்ட பழக்கம். துடைத்த உடனே, ஈரம் முழுதும் காயுமுன், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் கிரீம் தடவுங்கள். முக்கியமான நேரம் அதுதான். பிறகு தடவினால் பாதிப் பலன்தான். பகலில் வெளியே போகும்போது எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீன் தேவை.

எலுமிச்சம்பழச் சாற்றை முகத்தில் தேய்க்கவே கூடாது. அதன் புளிப்பு தோலை எரிக்கும். சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கொப்புளமும் கருந்திட்டும் வரலாம். ரசத்தில் பிழிந்துகொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் "முகம் வெளுக்கும்" களிம்பு. ட்யூபின் மேல் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களில் ஏதேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் சில நாட்கள் முகம் மினுமினுக்கும். கல்யாணத்துக்கு இருக்கும் பெண்களிடம் இது கைமாறுவதே அதனால்தான். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து சிவந்து, பருவும் தேவையற்ற முடியும் முளைக்கும். நிறுத்தினாலோ எரிச்சல் இன்னும் அதிகமாகும், பயந்துபோய் மீண்டும் அதையே தடவுவார்கள். 2018-இல் மத்திய அரசு இத்தகைய 14 மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே தடவி வருகிறவர்கள் தாமாக எதுவும் செய்யாமல், அந்த ட்யூபையும் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிவாஜிநகர் பௌரிங் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. களைப்போடு முகம் வெளிறியும் இருந்தால், கிரீமுக்குச் செலவழிக்கும் முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் தைராய்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.