நாய்களும் ஒரு சமுதாயமே!

தெருவோரத்தில் ஒதுங்கிப் படுத்திருக்கும் நாயின் மீது கல்லெறியும் சிறுவனை நிறுத்தி, ஏன் எறிகின்றாய் என்று வினவிப் பாருங்கள். "நாய் நஜீஸ் ஆயிற்றே!" என்று தயங்காமல் விடையளிப்பான். மார்க்கத்தின் ஒரு சொல்லை அவன் அறிந்திருக்கின்றான். அச்சொல்லின் பொருளை அவனுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. நஜீஸ் என்பது, நாம் எதனைக் கழுவித் தூய்மை செய்துகொள்ள வேண்டும் என்பதைக் கூறும் சட்டம். எதனைத் துன்புறுத்தலாம் என்று கூறும் சட்டமன்று. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொண்டோம். அதன் விளைவாக வாயில்லாப் பிராணி ஒன்று அன்றாடம் அடிபடுகின்றது.

அன்பார்ந்த வாசகர்களே! இவ்விஷயத்தில் நம் மார்க்கம் கூறுவது யாது என்பதைச் சற்று அமைதியாகச் சிந்திப்போம்.

வெள்ளிக்கிழமைதோறும் நம் இல்லங்களில் ஓதப்பெறும் சூரத்துல் கஹ்ஃபை நினைவு கூருங்கள். தம் ஈமானைக் காத்துக்கொள்ளக் குகையில் அடைக்கலம் புகுந்த இளைஞர்களின் வரலாறு அதில் வருகின்றது. அவர்களுடன் ஒரு நாயும் சென்றது. அது வாயிலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த காட்சியை 18ஆம் வசனம் காட்டுகின்றது. அவர்கள் எத்தனை பேர் என்று மக்கள் வாதிட்டதைக் கூறும் 22ஆம் வசனத்திலோ, மூவர் என்போரும் ஐவர் என்போரும் எழுவர் என்போரும் நாயையும் உடன் சேர்த்தே எண்ணுகின்றனர். நல்லோரைத் தொடர்ந்து நடந்த நாய்க்குத் திருமறையில் இடம் கிடைத்தது. அதனை வாரந்தோறும் ஓதும் இல்லத்திலிருந்து, வாசலில் படுத்த நாயின் மீது வெந்நீர் வீசப்படலாமா?

அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம், பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை நாய் பிடித்துத் தரும் இரையை நமக்கு ஆகுமாக்குகின்றது. அல் அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனமோ, பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அறிவிக்கின்றது. மதீனாவில் ஒரு காலத்தில் நாய்களைக் கொல்லுமாறு ஆணை பிறந்ததும், பின்னர் அவ்வாறு பொதுவாகக் கொல்வது தடுக்கப்பட்டதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. நாய்களும் சமுதாயங்களுள் ஒரு சமுதாயமே என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சுட்டிக்காட்டிய செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இடம்பெற்றுள்ளது. கடித்துக் குதறும் வெறிநாயிடமிருந்து உயிரைக் காத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால், தீங்கிழைக்காத நாயைக் கொல்வது கூடாது என்பதே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டும் முடிவாகும்.

தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் புகட்டிய மனிதரின் செய்தியை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். ஆயினும் அதன் நுட்பத்தைக் கவனித்தோமா? அவர் கிணற்றுள் இறங்கித் தம் தாகத்தைத் தணித்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். நாக்கைத் தொங்கவிட்டு ஈர மண்ணை நக்கிய நாயைக் கண்டதும், தாம் பட்ட தாகமே அதற்கும் என்று உணர்ந்தார். மீண்டும் கிணற்றுள் இறங்கினார். தம் தோல் காலுறையில் நீரை மொண்டு, கைகள் ஏறுவதற்கு வேண்டியிருந்தமையால் அதனை வாயில் கவ்விக்கொண்டு ஏறிவந்து, நாய்க்குப் புகட்டினார். அல்லாஹ் அவர் பாவங்களை மன்னித்தான். பிராணிகள் விஷயத்திலும் நமக்கு நற்கூலி உண்டோ என்று தோழர்கள் வினவ, உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் கூலி உண்டு என அண்ணலார் (ஸல்) விளக்கினார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ள செய்தி இது. இதே போன்று நாய்க்கு நீர் புகட்டிய விலைமாது ஒருத்திக்கும் மன்னிப்புக் கிட்டியது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணுக்கோ நரகம் கிட்டியது.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) பெரும்படையுடன் மக்காவை நோக்கி அண்ணலார் (ஸல்) சென்றபோது, வழியில் குட்டிகளுக்குப் பாலூட்டிக் கொண்டிருந்த ஒரு பெண்நாயைக் கண்டார்கள். படையினரால் அதற்கு இடையூறு நேராதவாறு ஜுஐல் இப்னு சுராக்கா (ரலி) அவர்களைக் காவல் நிறுத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் வாகிதீ எழுதியுள்ளார். போருக்குச் செல்லும் படையே ஒரு நாயின் அமைதிக்காக விலகி நடந்தது!

இனி, தூய்மை பற்றிய ஐயத்திற்கு வருவோம். தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ஊர்களில் ஹனபி மத்ஹபும் பெரிதும் பின்பற்றப்படுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபின்படி நாய் கடுமையான நஜீஸ். ஈரத்துடன் அது பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். உலர்ந்த உடல் உலர்ந்த ஆடையில் உரசிச் சென்றால் கழுவ வேண்டியதில்லை. ஹனபி மத்ஹபில் நாயின் உமிழ்நீரே நஜீஸாகக் கொள்ளப்படுகின்றது. மாலிகி மத்ஹபோ நாயைத் தூய்மையான பிராணி என்றே கூறுகின்றது. இவற்றுள் மிகக் கடுமையான சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது நம்மிடம் கேட்பது ஏழு முறை நீர். ஒரு கல்லையேனும் அது கேட்கவில்லை.

வேட்டை, கால்நடை, பயிர் ஆகியவற்றின் காவலுக்கன்றி வீணே நாய் வளர்ப்போரின் நற்கூலி நாள்தோறும் குறையும் என்று ஹதீஸ் எச்சரிக்கின்றது. வீட்டுக் காவலையும் இத்தேவைகளுடன் ஒப்பிட்டு அனுமதிப்பதே சரியான கருத்து என்பார் இமாம் நவவீ (ரஹ்). ஆகவே, தேவை உண்டா என்பதை முதலில் ஆராய்க. ஐயமிருப்பின் உங்கள் பள்ளிவாசல் இமாமை அணுகிக் கேளுங்கள். தேவை இருந்து வளர்க்க முற்பட்டுவிட்டால், அது உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆகிவிடுகின்றது.

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞரும், 'சுல்தானுல் உலமா' என்று போற்றப்பட்டவருமான இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) கி.பி. 1262இல் மறைந்தார். மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை அவர் தம் நூலில் வரிசைப்படுத்தியுள்ளார். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அதற்கு உணவளிக்க வேண்டும். தாங்கொணாச் சுமையை ஏற்றலாகாது. அதற்குத் தீங்கு செய்யும் பிராணியுடன் சேர்த்து அடைத்தலாகாது. தங்குமிடத்தைச் செம்மையாக வைத்தல் வேண்டும். இவை விருப்பமிருந்தால் செய்யும் தர்மங்கள் அல்ல. பிராணியின் உரிமைகள் என்றே அவர் எழுதினார்.

இவ்வுரிமைகளை நம் இல்லங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். நண்பகல் வெயிலில் ஒரு முழச் சங்கிலியில் கட்டப்பட்ட காவல் நாய்க்கு உரிமை வழங்கப்பட்டதாகுமா? வீடு மாறிச் செல்லும்போது வாசலில் விட்டுச் செல்லப்பட்ட நாய், நாள்கணக்கில் பூட்டிய கதவைப் பார்த்துக் காத்திருப்பதை நீங்கள் கண்டதில்லையா? கண் திறவாத குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தைத் திடலில் போடுவது எவ்வகை நீதி? நாட்டின் சட்டமும் இதனைக் கண்டிக்கின்றது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960, மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும், பசி தாகத்தால் வாடும்படி கைவிடுவதையும் குற்றம் என வரையறுத்துள்ளது.

ஆகவே, வீட்டின் வெளிப்புறத்தில் நிழலும் காற்றும் உள்ள இடம் ஒதுக்குங்கள். நடமாடப் போதிய நீளமுள்ள கயிறு கட்டுங்கள். உணவுக்கும் நீருக்கும் தனி மண்சட்டிகள் வையுங்கள். அவற்றை வீட்டுப் பாத்திரங்களுடன் சேர்க்காதிருந்தால் உங்கள் தூய்மையும் காக்கப்படும், அதன் வயிறும் நிறையும்.

அனைத்தினும் முக்கியமானது தடுப்பூசி. வெறிநாய்க்கடி நோய் தோன்றிவிட்ட பின் பிழைத்தோர் மிக அரியர். ஆயினும் அது முற்றிலும் தடுக்கத் தக்க நோய். 1885இல் லூயி பாஸ்டர் உருவாக்கிய அதன் தடுப்பூசி ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. நம் குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. மனிதருக்கு இந்நோய் வருவதில் 100க்கு 99 நாய்களால் வருவதே என்றும், ஒரு பகுதியின் நாய்களில் 100க்கு 70 விழுக்காட்டிற்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எனவே, உங்கள் காவல் நாய்க்குக் குட்டிப் பருவத்தில் கால்நடை மருத்துவர் கூறும் காலத்தில் முதல் ஊசி போட்டு, பின்னர் ஆண்டுதோறும் தொடருங்கள். நாய்க்குப் போடும் ஊசி, உங்கள் குழந்தைக்கு இடும் காவலும் ஆகும்.

எவரேனும் கடிபட்டால், உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் காயத்தைக் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த் தூளோ சுண்ணாம்போ காப்பித் தூளோ அப்பாதீர்கள். தாமதியாமல் அரசு மருத்துவமனைக்குச் சென்று, எல்லாத் தவணை ஊசிகளையும் தவறாது போட்டுக்கொள்ளுங்கள். ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று பணித்தவர்களும் நம் நபிகள் நாயகமே (ஸல்). துஆவும் வேண்டும்; ஊசியும் வேண்டும்.

பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுங்கள். உண்ணும் நாயை, உறங்கும் நாயை, குட்டியுடன் உள்ள நாயை நெருங்கலாகாது; நாயைக் கண்டு அலறி ஓடலாகாது; கல்லெறியலாகாது. சீண்டப்பட்ட நாய் கடிக்கக்கூடும். நாயிடம் கருணை காட்டக் கற்ற பிள்ளை, கடியிலிருந்தும் தப்புகின்றது.

முஹல்லா ஒன்றுபட்டு முயன்றால் இவை எளிதில் கைகூடும். பள்ளிவாசல் நிர்வாகிகளும் இளைஞர்களும் கால்நடை மருத்துவரை அணுகி, ஆண்டுக்கொருமுறை தெருவிலுள்ள நாய்களுக்கெல்லாம் ஊசி போட ஏற்பாடு செய்யலாம். எஞ்சிய கந்தூரிச் சோற்றையும் எலும்பையும் பலரும் நடக்கும் பாதையில் எறியாமல், ஒதுக்குப்புறமான ஓரிடத்தில் வைக்கலாம். அண்டை வீட்டார்க்கு அச்சமோ அருவருப்போ நேராதவாறு இரக்கம் காட்டுவதும் மார்க்கத்தின் ஒழுங்கேயாகும்.

கிணற்றில் இரண்டாம் முறை இறங்கிய அம்மனிதரிடம் நீர் மொள்ள வாளி இல்லை, காலுறையே இருந்தது. நம் ஒவ்வொரு வீட்டிலும் குழாய் உண்டு, சட்டி உண்டு. கோடை வெயில் காயும் நாளில் வாசலோரம் ஒரு சட்டி நீர் வைப்பதற்கு என்ன தடை?

வாயில்லா உயிர்களின் உரிமையை உணர்ந்து நடக்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.