பழைய மின்கிற்றாரில் மாற்றஞ் செய்யலாமா?

மின்கிற்றார் என்னும் இசைக்கருவி தோன்றி நெடுங்காலம் ஆகிவிடவில்லை. அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டுகளிலேயே அது விற்பனைக்கு வந்ததாயினும், இன்று உலகெங்கும் வழங்கும் திண்மரக் கிற்றார்கள் பெருந்தொகையாகச் செய்யப்படலானது 1950ஆம் ஆண்டிலிருந்தேயாம். வீணைக்கும் வயலினுக்கும் உள்ள நூற்றாண்டுப் பெருமை அதற்கில்லை. அவ்வாறிருந்தும், அறுபது எழுபது ஆண்டுப் பழமையுடைய மின்கிற்றார்கள் சில இன்று ஒரு வீட்டின் விலைக்கு விற்கப்படுகின்றன. அத்தகைய கருவியொன்றைக் கையில் வைத்திருக்கும் இசைவாணர், தம் வாசிப்பின் வசதிக்காக அதன் மரத்தைக் குடைந்து மாற்றஞ் செய்யலாமா, கூடாதா என்பது மேனாட்டு வாத்தியக்காரரிடையே நெடுநாளாக நடந்துவரும் ஒரு வழக்கு. கருவி வாசிப்பதற்கா, காப்பதற்கா என்ற வினா அதனுள் அடங்கியிருப்பதால், கிற்றாரைத் தொட்டும் பாராதவர்க்கும் அது சிந்திக்கத்தக்கதே.

மின்கிற்றாரின் இயல்பைச் சிறிது விளங்கிக்கொண்டாலன்றி இவ்வழக்கின் காரணம் புலனாகாது. வீணையின் குடமும் சாதாரணக் கிற்றாரின் பெட்டியும் உள்ளே வெறுமையாயிருந்து தந்தியின் ஒலியைப் பெருக்குகின்றன. திண்மர மின்கிற்றாரிலோ அத்தகைய குடமில்லை. உடல் கனத்த ஒரு பலகையே. அதன்மீது, உருக்குத் தந்திகளுக்குக் கீழே, காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றிய சிறு கருவியொன்று பதிக்கப்பட்டிருக்கும். இதனைப் பிக்கப் என்பர். தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலங்கிச் செப்புக் கம்பியில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கின்றது. அதுவே ஒலிபெருக்கிக்குச் சென்று இசையாகின்றது.

ஆகவே, ஒலியின் குணத்தைத் தீர்மானிப்பவற்றுட் பெரும்பகுதி திருகாணியாற் பூட்டியும் ஈயத்தாற் பற்றவைத்தும் உள்ள உறுப்புகளேயாம். பிக்கப்பை மாற்றினால் கருவியின் குரலே மாறிவிடும். நாதசுரக்காரர் சீவாளியை மாற்றுவதுபோலக் கிற்றார்க்காரர் இவற்றை மாற்றிப் பார்ப்பது இயல்பு. கழற்றியதை மீளப் பூட்டிவிடலாமாதலின் அதில் எவரும் பெருங்குறை காண்பதில்லை. விரல்பட்டுத் தேய்ந்த மெட்டுகளை நீக்கிப் புதியன இடுவதும் ஏறக்குறைய அத்தகையதே. மெழுகு தளர்ந்த வீணைக்கு மேளங் கட்டுவிப்பதால் வீணை பழுதாயிற்று என்று எவருஞ் சொல்வாரில்லை.

வழக்கு எழுவது உளி மரத்திற் படும் இடத்திலேதான். பெரிய பிக்கப்புக்காகக் குழியை அகலமாக்குதல், புதிய குதிரைக்காகத் துளையிடுதல், பழைய மெருகைச் சுரண்டிப் புதுவர்ணம் பூசுதல் ஆகியவை ஒருமுறை செய்தால் என்றைக்குஞ் செய்தவையே. குழியை மரத்துண்டால் அடைக்கலாம்; ஆனால் அடைத்த தழும்பு அடைத்த தழும்புதான். முற்றும் புதுவர்ணம் பூசப்பட்ட பழங்கருவி, பூசப்படாததன் விலையிற் பாதியளவே பெறும் என்பது விற்பனையாளரிடையே வழங்கும் பொதுக் கணக்கு.

அப்படியாயின் அறிந்தவர் எவராவது துளையிடுவாரோ என்று கேட்கலாம். 1952ஆம் ஆண்டில் கிப்சன் நிறுவனத்தார் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் செய்து வெளியிட்ட லெஸ் போல் கிற்றாரை எடுத்துக்கொள்வோம். பொன்வர்ணம் பூசிய அழகிய கருவி. முதல் ஆண்டுக்குரியதாகையால் சேகரிப்போர் விரும்புவது. ஆனால் பிறப்பிலேயே அதற்கு ஒரு குறை இருந்தது. தந்திகளைத் தாங்கும் குதிரையும் அவற்றின் அடிநுனியைப் பற்றும் சட்டமும் ஒரே உலோகத் துண்டாக அமைக்கப்பட்டிருந்தன. தந்திகள் அச்சட்டத்தின் மேலாகச் செல்லவேண்டுமென்பதே முதல் நோக்கம். கழுத்து உடலோடு பொருந்தும் சாய்வு போதாமையால், தந்திகளைச் சட்டத்தின் கீழாகச் சுற்றிவிடவேண்டியதாயிற்று. வலக்கையின் அடிப்பாகத்தைக் குதிரைமேல் வைத்துத் தந்தியின் அதிர்வை அடக்கி வாசிப்பது மின்கிற்றாரில் அடிப்படையான உத்தி. இக்கருவியில் அது இயலாது. நிறுவனத்தாரே குறையை உணர்ந்து 1953ஆம் ஆண்டில் அமைப்பை மாற்றிவிட்டனர்.

இன்னொரு குறையும் உண்டு. அதில் இருந்த பிக்கப் ஒற்றைச் சுருளுடையது. ஒற்றைச் சுருள், தந்தியின் அதிர்வோடு அறையிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையுஞ் சேர்த்தே பற்றிவிடும். சேத் லவர் என்ற பொறியியலாளர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அவ்விரைச்சலை ஒன்றினால் ஒன்று நீங்கச் செய்தார். 1957ஆம் ஆண்டிலிருந்து லெஸ் போல் கருவிகளில் அந்த இரட்டைச்சுருட் பிக்கப்பே பதிக்கப்பட்டது. 1958 முதல் 1960 வரை செய்யப்பட்ட, செந்தழல் நிறம் ஓரத்தே மங்கிவரும் கருவிகள் ஏறக்குறைய 1,500 மட்டுமே. அவை அக்காலத்தில் நன்கு விற்கவுமில்லை. 1966ஆம் ஆண்டளவில் எரிக் கிளாப்டன் போன்ற ஆங்கில வாத்தியக்காரர் அவற்றை வாசிக்கக் கேட்டபின்னரே உலகம் விழித்துக்கொண்டது. கருவி சில, விரும்புவோர் பலர். எனவே பொன்வர்ணக் கருவிகளைக் குடைந்து, இரட்டைச்சுருள் பதித்து, பொன்னைச் சுரண்டிச் செந்தழல் நிறம் பூசுவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. மரம் அதே மகோகனியும் மேப்பிளுமாதலின் பயன் நன்றாகவே இருந்தது. அன்று குடைந்தவரைப் பழிப்பது முறையன்று. அவர் கையிலிருந்தது அரும்பொருளன்று. வாசிக்க வசதியற்ற ஒரு பழைய கிற்றார்.

மாற்றத்துக்குச் சார்பானவர் காட்டும் சான்றுகளும் வலியன. பிங்க் புளொய்ட் குழுவினரான டேவிட் கில்மர் 1970ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் வாங்கிய கறுப்பு நிற ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றார் படாத பாடில்லை. கழுத்துப் பலமுறை மாறியது, பிக்கப்புகள் மாறின, 1980ஆம் ஆண்டுகளில் வேறொருவகைக் குதிரைக்காக மரமே வெட்டப்பட்டுப் பின்னர் அடைக்கப்பட்டது. அக்கிற்றாரே 2019ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஏலத்தில் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்குப் போயிற்று. நீல் யங் என்பார் வாசித்துவரும் 1953ஆம் ஆண்டுக் கருவியும் பொன்வர்ணம் இழந்து கரியதாகி, வேறு பிக்கப்பும் வேறு குதிரையும் பெற்றதே. இவை மாற்றங்களினால் மதிப்பிழக்கவில்லை என்பது உண்மை. ஆயினும், ஏலத்தில் விலைபோனது வெட்டிய மரமன்று, வெட்டியவரின் புகழ் என்பதை மறத்தலாகாது. கில்மர் வாங்கியபோது அக்கிற்றார் கடையிற் கிடைத்த புதுக்கருவி என்பதும் நினைக்கத்தக்கது.

வயலினை எடுத்துக்காட்டுவோரும் உளர். 1737ஆம் ஆண்டில் மறைந்த இத்தாலியச் சிற்பி ஸ்ட்ராடிவாரி செய்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அவர் விட்டுச்சென்ற நிலையில் இல்லை. மண்டபங்கள் பெரிதாகி, சுருதி உயர்ந்து, மேற்றாயியில் வாசிப்பது மிகுந்தபோது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பின்னரும் அவற்றின் கழுத்துகள் நீட்டப்பட்டன அல்லது மாற்றப்பட்டன. உள்ளே தாங்கும் மரச்சட்டமும் மாற்றப்பட்டது. அதனாலன்றோ அவை இன்றும் மேடையேறுகின்றன என்பர். வாதம் நல்லதே. ஆனால், அவ்வயலின்கள் அவர் பட்டறையிலிருந்து வெளிவந்தபோது எவ்வாறு ஒலித்தன என்பதை இன்று அவற்றைக் கொண்டு கேட்டறிய வழியில்லாது போயிற்று. மேலும், அன்றைய வாத்தியக்காரருக்குத் தம் கருவியை மாற்றுவதன்றி அதற்கு நிகரான வேறொன்றைப் பெறும் வழி அரிது. இன்றைய கிற்றார்க்காரருக்கு அந்நெருக்கடி இல்லை. அவர் வேண்டும் குதிரையும் பிக்கப்பும் கொண்ட கருவி கடையிற் புதிதாகவே கிடைக்கும். பழைய மாதிரியை அச்சொட்டாக ஒத்த புதுக்கருவிகளுங் கூட விற்கப்படுகின்றன.

இவ்வழக்கில் தீர்ப்பை எளிதாக்கியது காலமே. குறையுள்ள 1952ஆம் ஆண்டுக் கிற்றாரை உளியிடாது பெட்டியில் வைத்திருந்தவர் பலருடைய பொறுமைக்கு இப்போது பலன் கிடைத்திருக்கின்றது. பழைய சட்டம் இருந்த இடத்திலேயே, மரத்தில் ஒரு துளையும் இடாமல், தந்திகள் மேலாகச் செல்லுமாறு பொருத்தும் மாற்றுச் சட்டங்களைக் கைவினைஞர் செய்துவிட்டனர். பழைய ஒற்றைச்சுருட் குழியிலேயே அடங்கும் இரட்டைச்சுருட் பிக்கப்புகளும் வந்துவிட்டன. முன்னர் அகலமாகக் குடைந்தவருக்கு இவற்றால் யாது பயன்? வேண்டிய வசதியை அவர் பெற்றது உண்மை. அதே வசதியைக் கருவி முழுமையாயிருக்கவே பெறும் வாய்ப்பு அவருக்கு மட்டும் அடைபட்டுப் போயிற்று. ஆகவே, குடையப்படாத பழங்கருவியைக் குடையாதிருப்பதே அறிவுடைமை. ஏற்கெனவே குடைந்து, வர்ணம் மாற்றி, உறுப்பிழந்து வந்த கருவியோ வேறு. அதனை வாங்குபவர் தயங்க வேண்டியதில்லை. குறைந்த விலையிற் பழைய மரத்தின் சுவையை நுகரவும் அச்சமின்றி வாசிக்கவும் ஏற்றது அதுவே. முழுமையான கருவியை மேடைக்குக் கொண்டுபோக அஞ்சுவோர் இவ்வகையையே தேடி வாங்குகின்றனர்.

கழற்றும் உறுப்புகளைப் பற்றியும் ஒரு சொல். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியிலுள்ள மின்தடைக் கருவி தேய்ந்து கரகரவென்று இரைவது பழங்கிற்றாருக்கு வழக்கமான நோய். திருத்துபவர் அதனைக் கழற்றிக் குப்பையில் எறிந்துவிடுவதுண்டு. ஆனால் அக்கருவியின் உலோக ஓட்டில் ஒரு சிறு எண்வரிசை பொறிக்கப்பட்டிருக்கும். முன்னுள்ள எண்கள் அதனைச் செய்த ஆலையையும், பின்னுள்ளவை செய்த ஆண்டையும் அவ்வாண்டின் வாரத்தையுங் குறிப்பன. தொடர் இலக்கமில்லாத அக்காலக் கிற்றார்களுக்கு அதுவே பிறப்புச் சான்று போன்றது. ஈயப்பற்றைக் கலைக்குமுன் உள்ளிடத்தைப் புகைப்படம் எடுத்து, கழற்றிய மின்தடையையும் திருகாணிகளையும் பிரடைகளையும் உறையொன்றிலிட்டு, திகதியும் செய்த வேலையும் எழுதிக் கிற்றார்ப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுமாறு கைதேர்ந்த திருத்துநர்கள் உரிமையாளரிடம் கூறுவர். அதற்குச் செலவு ஒரு காகித உறைதான்.