வெள்ளிக்குள்ளா, வெள்ளி வரைக்குமா?

பெரியநாயக்கன்பாளையத்துப் பவுண்டரி ஒன்றுக்கு வெளிநாட்டு ஈமெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரியில் 'பை ஃப்ரைடே', அடுத்த வரியில் 'அன்டில் ஃப்ரைடே'. இரண்டுக்கும் 'வெள்ளி வரைக்கும்' என்று பொருள்கொண்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும்.

இத்தனைக்கும் நமக்கு இதில் பஞ்சமே இல்லை. 'வெள்ளிக்குள்ள அனுப்பிருங்க' என்றால் 'பை'. 'வெள்ளி வரைக்கும் உலை எரியட்டுங்க' என்றால் 'அன்டில்'. ஜெர்மன்காரர்தான் பாவம், இரண்டுக்கும் 'பிஸ்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் திண்டாடுகிறார். நாம் தடுமாறுவது, வினையைப் பார்க்காமல் சொல்லுக்குச் சொல் தேடும்போதுதான்.

சில வினைகளுக்குள்ளேயே முடிவு இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஹங்கேரியில் பிறந்த தத்துவ அறிஞர் ஸீனோ வெண்ட்லர் 1957-இல் ஒரு கட்டுரையில் இதை வகுத்துக் காட்டினார். பெரியநாயக்கன்பாளையத்தில் புறப்பட்டு 'ரெண்டு மணி நேரம் நடந்தேன்' என்றால் ஆங்கிலத்தில் 'ஃபார்'. 'ரெண்டு மணி நேரத்துல துடியலூர் போய்ச் சேர்ந்தேன்' என்றால் 'இன்'. துடியலூர் வந்ததும் அந்த வேலை தீர்ந்தது. வெறும் நடைக்குத் தீர்வு கிடையாது. ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்னும்படியான இரு மொழிகளும் ஒரே இடத்தில் கோடு கிழித்திருக்கின்றன. ஆங்கிலம் முன்னால் ஒரு சிறுசொல்லை வைக்கிறது. தமிழ் பின்னால் '-இல்' சேர்க்கிறது.

சறுக்கலிலும் ஒற்றுமைதான்! 'பத்து நிமிசத்துல வந்தர்றனுங்க' என்பதில், பத்து நிமிடத்துக்குள்ளா, பத்து நிமிடம் கழித்தா? ஆங்கில 'இன்'னுக்கும் அதே இரட்டை முகம். கறாராகச் சொல்ல அவர்களுக்கு 'வித்தின்', நமக்கு 'உள்ள'.

'கடைசியில்' என்ற சொல் இன்னும் வேடிக்கை. 'படத்தோட கடைசியில்' என்றால் 'அட் தி எண்ட்'. 'கடைசியில் பொண்ணக் குடுத்துட்டாங்க' என்றால் 'இன் தி எண்ட்'. 'எதனுடைய கடைசி?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் 'அட்'; இல்லாமல், இழுபறிக்குப் பின் வந்த விளைவு மட்டும் இருந்தால் 'இன்'. காத்துக் காத்துச் சலித்த பெருமூச்சும் சேர்ந்தால் 'அட் லாஸ்ட்'. அதற்கு நம்மிடம் 'ஒருவழியா' இருக்கிறது.

'ஆன் டைம்', 'இன் டைம்' ஜோடியையும் பார்த்துவிடுவோம். பெரியநாயக்கன்பாளையம் ஸ்டேஷனுக்கு மேட்டுப்பாளையம் ரயில் பத்து நிமிடம் தாமதமாக வருகிறது. ரயில் 'ஆன் டைம்' இல்லை, குறித்த நிமிடம் தப்பிவிட்டது. அதனாலேயே, பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர் 'இன் டைம்'. ரயில் கிளம்புவதற்குள் வந்துவிட்டாரே! படியில் நின்று மூச்சு வாங்கியபடி போனில் சொல்கிறார்: "ஒருவழியா ஏறியாச்சுங்க."