அன்னம், எண்ணெய் வண்ணம், அதிகாரம்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் தேவதைச் சித்திரம் என்று ஒரு தனிவகையே இருந்தது. ஷேக்ஸ்பியர் நாடகத்தின் ஓபரானையும் டைட்டானியாவையும் ஜோசப் நோயல் பேட்டன் 1849இல் தீட்டினார். மனநோய் விடுதியில் அடைபட்டிருந்த ரிச்சர்ட் டாட், ஒரே தேவதைப் படத்தை 1855 முதல் 1864 வரை தீட்டிக்கொண்டிருந்தார். ஆலைப்புகை பெருகிய நாட்டில், இல்லாத ஒன்றைப் புல்நுனி வரைக்கும் 'உள்ளதாக'க் காட்டுவதே இவ்வோவியங்களின் வேலை. பொருள் அற்புதம், உத்தி யதார்த்தம்.

இதே உத்தி இங்கே வந்தபோது என்ன நடந்தது? ரவிவர்மாவின் (1848–1906) கடிதம் எழுதும் சகுந்தலையை 1876இல் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு வாங்கினார். 1899இல் அன்னத்தோடு தமயந்தி. அன்னம் பேசுவது கதையின் அற்புதம். ஓவியத்திலோ அது வெறும் பறவை. அற்புதம் மொத்தமும் சேலை மடிப்புக்கும் ஒளிபடும் தோளுக்கும் இடம்பெயர்ந்துவிடுகிறது. 'ஜடாயு வத'த்தில் (1895) ராவணனுக்கு ஒரே தலை. உடற்கூற்று விதிக்குப் பத்துத் தலை ஒத்துவராது என்பதாகவே இதை வாசிக்கிறேன்.

இங்கிலாந்தில் தேவதைப் படத்தை யாரும் கும்பிடவில்லை. நம்மிடமோ படம் பூஜையறைக்குப் போயிற்று. 1894இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கியது. நிறத்துக்கு ஒரு கல் என்று அச்சாகி லட்சுமியும் சரஸ்வதியும் தெருவுக்கு வந்தார்கள். கோயிலுக்குள் விடப்படாதவரும் காசு கொடுத்தால் சாமியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். தில்லையில் நந்தனைத் தீயில் இறக்கிய கதை வழங்கும் எங்கள் மாவட்டத்தில் இது லேசான சமாச்சாரமில்லை.

ஆனா அந்தச் சாமி யார் முகத்தோடு வந்தது? எங்கள் காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்கள் உண்டு. அந்த விரல்கள்தான் சிவந்த தோல் லட்சுமிக்குப் பொட்டு வைக்கின்றன. ரவிவர்மாவின் புகழ்பெற்ற எண்ணெய்ப் படங்களில் முனிக்கும் அய்யனாருக்கும் இடமில்லை. சட்டத்துக்குள் நுழைய அனுமதி கிடைத்தது. சட்டத்துக்குள் தன் உடலைப் பார்க்கும் உரிமை கிடைக்கவில்லை. அழகு என்பது இப்படித்தான் சாதியின் சொல்லாடலாகிறது.

இதற்கு மாற்று எங்கோ வெளியில் இல்லை. தெருக்கூத்தில் கட்டை வேஷம் வருகிறது: அரிதாரம், மரக்கிரீடம், புஜக்கட்டை. அவனை நிஜ மனுசனென்று யாரும் நம்பவைப்பதில்லை. வேஷம் வேஷமாகவே தெரிகிறது, ஆனாலும் சனம் நடுங்குகிறது. அற்புதத்தை யதார்த்தத்தின் உத்தரவுக்குக் கட்டுப்படுத்தாத அழகியல் அது. மாய யதார்த்தம் எழுத முனைகிற நண்பர்கள் லத்தீன் அமெரிக்காவுக்குப் போகுமுன் ஒருராத்திரி கூத்துக்களத்தில் உட்காரலாம். அன்னத்துக்கு அங்கே இன்னும் பேச்சு இருக்கிறது.