புது ஏசி மாட்டுறீங்களா? 'வேக்யூம்' போட்டாங்களான்னு பாருங்க!

புது ஸ்பிளிட் ஏசி மாட்டும்போது, சில மெக்கானிக்குகள் அவுட்டோர் யூனிட் வால்வை லேசாகத் திறந்து, 'புஸ்'ஸென்று கொஞ்சம் கேஸை விட்டு பைப்பில் இருக்கும் காற்றை வெளியேற்றுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஏசியும் ஜில்லென்று ஓடும். அப்புறம் என்ன பிரச்னை?

ஈரம்தான் வில்லன்

இப்படிச் செய்தால் காற்றும் ஈரமும் முழுசாகப் போகாது. மிச்சமாகும் ஈரம் கம்ப்ரஸர் ஆயிலுடன் சேர்ந்து அமிலமாகி, மோட்டாரை மெல்லக் கெடுக்கும். தங்கிவிட்ட காற்று அழுத்தத்தைக் கூட்டும். கரன்ட் பில்லும் ஏறும். போதாததற்கு, இப்போது பல ஏசிகளில் வரும் ஆர்-32 தீப்பற்றக்கூடிய வாயு.

வேக்யூம் என்ன செய்யும்?

பம்ப் காற்றை உறிஞ்ச உறிஞ்ச, பைப்புக்குள் அழுத்தம் குறையும். அப்போது அறை வெப்பத்திலேயே ஈரம் ஆவியாகி வெளியே வந்துவிடும். நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் சுமார் 7,60,000 மைக்ரான். பைப்புக்குள் அது 500-க்குக் கீழே இறங்குவது நல்லது. பம்பை நிறுத்திய பிறகு அளவு விடாமல் ஏறினால் லீக். கொஞ்சம் ஏறி நின்றால் ஈரம் மிச்சம்.

கேஸ் தனியா ஏத்தணுமா?

பெரும்பாலும் தேவையில்லை. அவுட்டோர் யூனிட்டிலேயே கேஸ் நிரப்பித்தான் வரும். மேனுவலில் சொன்ன நீளத்தைவிட பைப் நீண்டால் மட்டும், கூடுதல் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று தராசில் எடை பார்த்து ஏற்ற வேண்டும்.

அதனால், வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: "அண்ணா, வேக்யூம் பம்ப் கொண்டு வந்திருக்கீங்களா?"