ரத்தத்துக்குக் கொக்கி போடும் கட்டி

நுரையீரலில் முளைக்கும் புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டர் அளவு வரை, அக்கம்பக்கத்துத் திசுவில் கசிந்து வரும் ஆக்சிஜனை வைத்தே பிழைத்துக்கொள்ளும். அதற்கு மேல் வளர ரத்தக்குழாய் வேண்டும். தெருக் கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது போல, பக்கத்துக் குழாயிலிருந்து கிளை இழுக்கிறது. அந்தக் கிளையைத் தடுத்துக் கட்டியைப் பட்டினி போட்டால் என்ன என்று 1971-லேயே கேட்டார் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன். கிளை விடச் சொல்லும் வி.இ.ஜி.எஃப். புரதத்தை 1989-ல் கலிபோர்னியாவில் பிரித்தெடுத்தார் நெப்போலியோன் ஃபெராரா.

அந்தக் கட்டளையை வாங்கிக்கொள்வது எது? எஃப்.எல்.கே-1 என்ற ஏற்பிதான் என்று 1993-ல் காட்டியது ஜெர்மனி. பாட் நவ்ஹைமில் வெர்னர் ரிசாவ், மியூனிக்கை அடுத்த மார்ட்டின்ஸ்ரீடில் ஆக்செல் உல்ரிஷ். இருவரும் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள்.

அடுத்த ஆண்டு அவர்கள் செய்த சோதனை இன்னும் அழகு. குழாய்ச் செல்லின் சவ்வில் பாதி வெளியே, பாதி உள்ளே என நிற்கிறது ஏற்பி. வெளிப்பாதி புரதத்தைப் பிடித்ததும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேரும். உள்பாதிகள் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஒட்டும். செல் பெருகத் தொடங்கும். உள்பாதி வெட்டப்பட்ட ஏற்பியை வைரஸ் வழியாக எலிக்குள் செலுத்தினார்கள். அது நல்ல ஏற்பியோடு ஜோடி சேர்ந்து அதையும் செயலிழக்க வைத்தது. எலியின் உடலில் வைத்திருந்த மூளைப் புற்றுக்கட்டி வளராமல் அடங்கியது.

மனித நுரையீரல் அத்தனை எளிதில் மசியவில்லை. வி.இ.ஜி.எஃப்.-ஐப் பிடித்துவைக்கும் பெவாசிசுமாப் மருந்துக்கு 2006-ல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் செதிள்செல் வகைக் கட்டி உள்ளவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. முந்தைய சோதனையில் சிலர் ரத்தம் கக்கி இறந்திருந்தார்கள்.

ஒரு வழியை அடைத்தால் கட்டி வேறு வழி தேடும். அதனால் ஜெர்மனியின் பேரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் வி.இ.ஜி.எஃப்., எஃப்.ஜி.எஃப்., பி.டி.ஜி.எஃப். ஆகிய மூன்று வளர்ச்சிப் புரதங்களின் ஏற்பிகளையும் அடைக்கும் நின்டெடனிப் மாத்திரையைக் கொண்டுவந்தது. ஹாம்பர்க் அருகே குரோஸ்ஹான்ஸ்டார்ஃப் மருத்துவமனையின் மார்ட்டின் ரெக் தலைமையில் 1,314 நோயாளிகளிடம் நடந்த சோதனை 2014-ல் வெளியானது. டோசிடாக்சல் கீமோவோடு இதையும் சேர்த்தபோது, அடினோகார்சினோமா என்ற வகைக் கட்டி உள்ளவர்களின் இடைநிலை ஆயுள் 10.3 மாதத்திலிருந்து 12.6 ஆனது. எல்லா வகையினரையும் சேர்த்துப் பார்த்தால் ஆயுளில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கிடைத்த இரண்டு மாதத்துக்கும் வயிற்றுப்போக்கு, கல்லீரல் பாதிப்பு என்று விலை உண்டு. இதை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது, அந்த மாதங்கள் யாரோ ஒருவருடையவை.

நுரையீரலே நுண்குழாய்களின் காடு என்பதும் ஒரு சிக்கல். சில கட்டிகள் புதுக் குழாய்க்குக் காத்திருப்பதே இல்லை. காற்றறைகளைச் சுற்றி ஏற்கெனவே ஓடும் குழாய்களை வளைத்துக்கொண்டு பரவுகின்றன. குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துக்கு அங்கே வேலை இல்லை.

2014 நவம்பரில் ஐரோப்பா நின்டெடனிப் மாத்திரையை அடினோகார்சினோமாவுக்கு அனுமதித்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே, நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய்க்கு அமெரிக்கா அனுமதி கொடுத்திருந்தது. தழும்புத் திசுவை உண்டாக்கும் செல்களும் எஃப்.ஜி.எஃப்., பி.டி.ஜி.எஃப். கட்டளைக்கே ஆடுகின்றன. நிறுவனத்துக்குப் பெரும் பணம் கொட்டியது அந்த நோயிலிருந்துதான்.